தண்ணி நல்லா விழுது

ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால், தென்காசியில் எந்த வீட்டுச் செல்போன் அடித்தாலும் எதிர்முனை கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி விழுதா?"

கேட்பதற்குக் குற்றாலத்து அருவியைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கும். விரித்து எழுதினால் இப்படி வரும்: நாங்கள் பெரியவர்கள் நாலு பேர், சின்னவர்கள் மூன்று, லாட்ஜில் அறை எடுக்கும் உத்தேசம் இல்லை, உங்கள் வீட்டில் பாய் எத்தனை இருக்கிறது, காலையில் இட்லியா பூரியா? இதையெல்லாம் நேரடியாகக் கேட்பது நாகரிகம் ஆகாது என்பதால் ஜனங்கள் தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறார்கள். பதில் சொல்கிறவர்களும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தக் கலையில் பேச்சித்தாயை மிஞ்ச அவள் தெருவில் ஆள் கிடையாது. "ஏன் கேக்கிய, நேத்தே தடை போட்டுட்டாவ, போலீசு ஒருத்தரையும் விட மாட்டேங்கு" என்பாள். இல்லாவிட்டால், "விழுது, ஆனா நூலாட்டம் விழுது, ஒரு ஆளு தல நனையங்குள்ள பொழுது அடைஞ்சிரும்" என்பாள். ஒரே நாளில் ஒரே அருவி கோவில்பட்டி நாத்தனாருக்கு வறண்டும், விருதுநகரில் இருக்கும் பழைய பக்கத்து வீட்டுக்காரர் நல்லக்கண்ணுவுக்கு வெள்ளமாகவும் ஓடியதுண்டு. இதில் யார் மனமும் நோவதில்லை. அது சாக்கு என்று கேட்டவருக்குத் தெரியும்; அவருக்குத் தெரியும் என்பது இவளுக்குத் தெரியும். "சரி, அடுத்த தண்ணிக்கு வாரோம்" என்று மரியாதையாகப் போனை வைத்துவிடுவார்கள். 'எங்களால் முடியவில்லை, வராதீர்கள்' என்ற ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்நேரம் பாதி உறவு அறுந்திருக்கும்.

அவள் கணவர் பெயர் கடற்கரை. அவருக்கு இதெல்லாம் ஆகாது. அவர் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவர் மேசையில் ஒரு பலகை நிற்கும்: 'சாக்கு சொல்பவன் சாதிப்பதில்லை.' வாசகம் அவருடையதே. விடுப்புக் கேட்டு வருகிறவர்கள் அந்தப் பலகைக்கு மேலாகத்தான் அவர் முகத்தைத் தரிசிக்க முடியும். யாராவது ஓய்வு பெற்றால் மாலைக்கும் டிபனுக்கும் நடுவே அவர் பேசுவார், பேச்சில் கட்டாயம் ஒரு வரி வரும்: "என் வாழ்நாளில் நான் ஒரு சாக்கு சொன்னதில்லை."

அது சத்தியமான உண்மை. அவர் போக விரும்பாத கல்யாணங்களுக்கு அவருடைய முட்டு வலியை அறிவித்தவள் பேச்சித்தாய். கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தவர்களிடம் "அவுக குளிக்காக" என்று சொன்னவளும் அவளே. ஒருமுறை வந்தவர்கள் லேசில் நகரவில்லை; அவர் மதியம்வரை குளித்துக்கொண்டிருந்தார், உள்ளறையில், நாற்காலியில், செய்தித்தாளோடு. ஒருவர் கை சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் அதே வீட்டில் இன்னொருவர் சாணி அள்ளத்தான் வேண்டும். கடற்கரை தன் கையைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சித்தாய் சொன்னாள்:

"இடது பக்கம் மாருல ஒரு கட்டி தட்டுப்படுது. புளியங்கொட்டை தண்டிக்கு இருக்கும். வலி ஒண்ணும் இல்ல."

உள்ளூர்ப் பெண் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, திருநெல்வேலி போய் ஸ்கேன் எடுக்க வேண்டும், ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். பயப்பட ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அதைச் சொன்ன விதத்தில்தான் பேச்சித்தாய் பயந்தது.

கடற்கரை நிர்வாகத் திறமை உள்ளவர். அந்த இடத்திலேயே தேதி குறித்தார். "வாற திங்கக்கிழமை போயிரு. ஜோலி முடிஞ்சிரும்."

"நீங்க வரலையா?"

"ஆபீஸ்ல ஆடிட் நடக்கு. நான் இல்லாம ஒரு பைலு நகராது."

இதைச் சாக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார். அவர் அகராதியில் மற்றவர்கள் சொல்வது சாக்கு; தான் சொல்வது காரணம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய நாள் கோவில்பட்டியிலிருந்து அவர் தங்கை குடும்பம் வந்து இறங்கியது. வீட்டில் ஆள் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று பேச்சித்தாய் கேட்டாள். நியாயம்தானே. தங்கை குடும்பம் போனதும் அடுத்த தேதி குறித்தார். அந்தத் தேதிக்கு நல்லக்கண்ணு, மருமகன்கள் சகிதம் வந்து சேர்ந்தார். ஊரில் இருந்து வந்தவர்கள் அருவிக்குப் போவார்கள், பார்டர் பரோட்டா தின்பார்கள், ரம்புட்டான் வாங்குவார்கள், ஈரத் துண்டுகளை வீடு முழுக்கத் தொங்கவிடுவார்கள். சாரலில் எதுவும் காயாது. பேச்சித்தாய் முகம் சுளிக்காமல் வடித்துக் கொட்டினாள். 'என்ன பொறுமை இவளுக்கு' என்று கடற்கரை வியந்தார். ஓசூரில் இருக்கும் மகனுக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்டதற்கு, "அவன் பதறுவான், எல்லாம் முடிஞ்ச பொறவு சொல்லுவோம்" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனி போய் ஆடி வந்தது. மறுபடி ஒரு திங்கட்கிழமை குறித்தார். சனிக்கிழமை மாலை சிவகாசியிலிருந்து பேச்சித்தாயின் தம்பி முத்துராஜ், மனைவி ஜெயபிரியாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து நின்றான்.

ஞாயிறு காலை மைத்துனனை ஐந்தருவிக்கு அழைத்துப் போனார் கடற்கரை. பெண்கள் வீட்டில் இருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, இருவரும் வரிசையில் நின்றார்கள். முன்னால் இருந்த முதுகுகள் எல்லாம் பளபளத்தன. பதவி, படிப்பு, சாதி எதுவும் அந்த வரிசையில் அடையாளம் தெரியாது. தொப்பை மட்டும் தெரியும்.

"அத்தான், அக்கா இந்த வருசம் என்ன இப்படி மாறிட்டா?" என்றான் முத்துராஜ்.

"எப்படி மாறிட்டா?"

"போன வருசமெல்லாம் நான் போன் போட்டா, தடை போட்டிருக்கு, பாற உருளுதும்பா. ஒருக்க மலப்பாம்பு வந்து குளிச்சிட்டுப் போச்சுன்னா. நானும் சரிக்கா, அது குளிச்சு முடிக்கட்டும், பொறவு வாரேன்னு வச்சிட்டேன். இந்த வருசம் அவளே கூப்பிடுதா. தண்ணி நல்லா விழுதுலே, பிள்ளைகளக் கூட்டிட்டு வாலேங்கா."

வரிசை ஒரு முதுகு நகர்ந்தது.

"ஞாயித்துக்கிழம சாயந்திரம் கெளம்பிருவோம்க்கா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குன்னேன். அதெல்லாம் முடியாது, திங்கக்கிழம இங்கன இருந்தே ஆவணும்னுட்டா. பிள்ளைகளுக்கு வயித்தாலன்னு லீவு சொல்லுன்னு அவளே எடுத்துக் குடுக்கா. அது என்னத்தான் திங்கக்கிழமக் கணக்கு? வீட்டுல ஏதும் விசேசமா?"

"விசேசம் ஒண்ணும் இல்ல" என்றார் கடற்கரை.

அதற்குள் முறை வந்துவிட்டது. அருவி தலையில் இறங்கும்போது மனிதனுக்கு யோசனை நின்றுபோகும் என்பார்கள். அதற்காகத்தான் இத்தனை பேர் பஸ் ஏறி வருகிறார்கள். கடற்கரைக்கு அன்றைக்கு நேர்மாறாக நடந்தது. தண்ணீர் அடிக்க அடிக்க ஒவ்வொன்றாகத் தெளிந்தது. தங்கை தானாக வரவில்லை. நல்லக்கண்ணு தானாக வரவில்லை. வாழ்க்கை முழுக்க அருவியை வற்ற வைத்து விருந்தாளிகளை விரட்டியவள், இந்த ஒரு வருடம் அருவியைத் திறந்துவிட்டு ஊரையே வீட்டுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் ஒரு குடும்பம். பின்னால் நின்றவன், "அண்ணாச்சி, போதும், நகருங்க" என்று முதுகில் தட்டும்வரை அவர் அங்கேயே நின்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் மனதுக்குள் ஒரு குற்றப்பத்திரிகை தயாரானது. ஒன்று, உண்மையை மறைத்தல். இரண்டு, கணவனை ஏமாற்றுதல். மூன்று, மருத்துவர் ஆலோசனையை வேண்டுமென்றே மீறுதல். நல்ல தமிழில், துணை விதிகளோடு, அருமையாக அமைந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது முன்னுரைகூடத் தயார்.

உள்ளே பேச்சித்தாய் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள். முத்துராஜின் சின்ன மகள் பக்கத்தில் நின்று ஓட்டை போடுவது எப்படி என்று கேட்க, விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது வலது கையால் மட்டும் பிடித்து இறக்கினாள். இடது கை உடம்போடு ஒட்டி, எதையோ மூடிக் காப்பது போல இருந்தது. அவளுக்கே தெரியாமல் அது அங்கே போய் நின்றிருந்தது. எத்தனை நாளாக இப்படி நிற்கிறதோ. கடற்கரை இப்போதுதான் பார்க்கிறார்.

குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படவில்லை.

"வட ஆறுது, உக்காருங்க" என்றாள் அவள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

விருந்தாளிகள் இருக்கும்வரை அவள் நகர மாட்டாள். 'கிளம்புங்கள்' என்று மைத்துனனிடம் சொன்னால் அக்காளும் தம்பியும் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். உண்மையைச் சொல்லலாம், ஆனால் தன் உடம்பில் எங்கே கட்டி என்று தம்பிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் தெரிவதை அவள் விரும்ப மாட்டாள். ஆக, தேவைப்படுவது ஒரு சாக்கு. வழக்கமாகச் சாக்குத் தயாரித்துத் தரும் ஆள் இந்த முறை எதிர்க்கட்சியில் இருந்தாள்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலை வாங்கி வருவதாகக் கிளம்பி, பெரிய கோயில் கோபுர வாசல்வரை நடந்தார். அந்த வாசலில் எந்நேரமும் காற்று ஆளைத் தள்ளும். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் இசக்கிசெல்விக்குப் போன் போட்டார். அவருடைய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சாக்குச் சொல்வதில் அவளுக்கு ஈடு அந்தக் கட்டடத்தில் இல்லை. அவள் குடும்பத்தில் பெரியம்மாக்கள் மட்டும் இரண்டு வருடத்தில் கணிசமாகக் குறைந்திருந்தார்கள்.

"சார்" என்ற குரலிலேயே நடுக்கம். "அந்தப் பைலு வெள்ளிக்கிழமையே முடிச்சிருப்பேன் சார், கரெண்டு போயிட்டு."

"அது கெடக்கட்டும். எனக்கு ஒரு சாக்கு வேணும்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போனைப் பார்த்தார்.

"இசக்கி?"

"சார், இனிமே சொல்ல மாட்டேன் சார். போன மாசம் செத்தது நெசமாவே எங்க பெரியம்மாதான்."

"ஒன்னைய ஒண்ணும் சொல்லல. வீட்டுல விருந்தாளு இருக்கு. மனசு நோவாம நாளைக்குக் காலைல அனுப்பணும். என்ன சொல்லலாம், அதச் சொல்லு."

அவள் நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. நம்பியதும் குரலில் நடுக்கம் போய்விட்டது.

"துஷ்டி சொல்லுங்க சார். அதுக்கு எதிர்ப்பேச்சே கெடையாது."

"வந்திருக்கது என் மச்சினன். எனக்குத் துஷ்டின்னா அவனும் மால வாங்கிட்டுக் கூட வந்திருவான்."

"அப்ப சாவு சரிப்படாது." யோசித்தாள். "சீக்கு சொல்லுங்க சார். பெரிய சீக்கா சொல்லாதிய, கூட்டம் கூடிரும். வெக்கப்படுத மாதிரி ஒரு சீக்கு சொல்லணும். அதத் தோண்டி ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

அவர் போனை வைக்கப்போனார். வைக்காமல் கேட்டார்: "ஏன் இசக்கி, நெசத்தச் சொன்னாலும் நான் லீவு தந்திருப்பேன்லா?"

"தந்திருப்பிய சார். எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வண்டியோட கெடக்காரு, தூக்கப் போறேன்னு சொன்னா கையெழுத்துப் போட்டிருப்பிய. மறுநாளு நான் ஆபீஸுக்குள்ள நுழையும்போது எல்லாரும் பாப்பாவல்லா, ஒரு பார்வை. பெரியம்மா செத்தான்னா அந்தப் பார்வை கெடையாது. ஒங்கட்ட ஏச்சு வாங்குதது அதுக்கு எவ்வளவோ மேலு."

காற்று அடித்தது. கடற்கரை வேட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சரி, பைல மெதுவா முடி" என்று வைத்தார்.

சாயங்காலக் காப்பிக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கடற்கரை தொண்டையைச் செருமினார்.

"உங்கள் எல்லாருக்கும் ஒரு விசயம் தெரிவிக்க வேண்டியிருக்கு." பணி ஓய்வு விழாக் குரல்தான் வந்தது, அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். "எனக்குக் கொஞ்ச காலமா மூலம். நாளைக்குத் திருநெல்வேலில டாக்டரப் பாக்கேன். பேச்சியும் கூட வரணும். அதனால..."

அடுக்களை வாசலில் பேச்சித்தாய் காப்பித் தட்டோடு நின்றுவிட்டாள்.

வெட்கமான நோயைத் தோண்டிக் கேட்க மாட்டார்கள் என்ற இசக்கிசெல்வியின் சித்தாந்தம் அந்தக் கணத்திலேயே தோற்றது. அவளுக்குச் சிவகாசிக்காரர்களோடு பழக்கம் இல்லை போலும்.

"உள்மூலமா, வெளிமூலமா அத்தான்?" என்று முத்துராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கடற்கரை இந்தக் கேள்விக்குத் தயாரித்துக்கொண்டு வரவில்லை. "ரெண்டும்" என்றார்.

"ரெண்டுமா? ஏன் இத்தன நாளு சொல்லல? எங்க முதலாளிக்கு இப்படித்தான். பண்பொழில ஒரு வைத்தியரு, மூணே பொட்டலம், மனுசன் இப்பம் பைக்குல போறாரு."

"துத்தி எலைய நெய்யில வதக்கித் தின்னணும் அண்ணாச்சி" என்றாள் ஜெயபிரியா. "கருணக்கெழங்கு நெறைய சேக்கணும். இருங்க, எங்கம்மாட்ட கேக்கேன்." போனை எடுத்துவிட்டாள். "எம்மா, இங்கன அண்ணாச்சிக்கு மூலம்..." அவள் அம்மாவுக்குக் காது மந்தம். இரண்டாம் முறை சொன்னபோது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளின் தலை தெரிந்தது. தன் வீட்டுக்காரர் பட்ட பாட்டையும், கடைசியில் எந்த மருந்துக்குக் கேட்டது என்பதையும் சொன்னாள். 'சாக்கு சொல்பவன் சாதிப்பதில்லை' என்ற வாசகத்தின் ஆசிரியர், முழுத் தெருவின் முன்னிலையில், தன் ஆசனவாயைப் பற்றிய ஆலோசனைகளைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டிருந்தார்.

இதைக்கூடத் தாங்கியிருப்பார். ஆனால் முத்துராஜ் எழுந்து நின்று சொன்னான்: "அக்கா எதுக்கு அலையணும்? நான் கூட வாரேன் அத்தான். லீவு போட்டுட்டுத்தான வந்திருக்கேன். அக்கா வீட்டுல பிள்ளைகளப் பாத்துக்கிடட்டும்."

அடுக்களை வாசலில் நின்றவள் மெல்ல மூச்சு விட்டது கடற்கரைக்குக் கேட்டது. நல்ல தம்பி. சரியான இடத்தில் சரியான உதவி. பேச்சித்தாய்க்கு இன்னொரு திங்கட்கிழமை கிடைத்துவிட்டது.

"மாப்ள" என்றார் கடற்கரை. "டாக்டரு கழட்டச் சொல்லுவாரு."

"சரி."

"திரும்பிப் படுக்கச் சொல்லுவாரு. வெளக்க வச்சிப் பாப்பாரு. பக்கத்துல ஆளு நிக்கணும்பாரு. நிப்பியா?"

முத்துராஜ் உட்கார்ந்தான். பிள்ளைகளில் பெரியவன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான்.

"மயினிதான் போவணும்" என்றாள் ஜெயபிரியா. "அவுகளே சங்கடத்துல இருக்காக. நம்ம காலைல முத பஸ்ஸுக்குக் கெளம்பிருவோம். இருந்து அவுகளுக்குப் பாரமா இருக்கக் கூடாது." அவள் குரலில் உண்மையான கனிவு இருந்தது. பொய்க்குக் கிடைத்த அந்தக் கனிவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடற்கரை காப்பியைக் குடித்தார். ஆறியிருந்தது.

மொட்டைமாடியில் துண்டுகளை எடுக்கப் போன பேச்சித்தாயின் பின்னாலேயே அவரும் படியேறினார். சாரல் தூவியபடி இருந்தது. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. அவள் ஈரத் துண்டுகளைத் தொட்டுப் பார்ப்பதும் மறுபடி கொடியிலேயே போடுவதுமாக நின்றாள்.

"வேற சீக்கே கெடைக்கலையாக்கும்?" என்றாள், திரும்பாமலே.

"எனக்கு என்ன தெரியும்? இதெல்லாம் நீ பாக்குத வேல."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது.

"ரெண்டும்னிய பாருங்க. ஒருத்தனுக்கு ரெண்டும் வருமா?"

"ஏட்டி, நாளைக்குப் போவோம்."

"நாளைக்கு அவங்க போனதும் வீடு போட்டது போட்டபடி கெடக்குமே. ஒதுங்க வைக்காண்டாமா? பாய் அம்புட்டும் ஈரம். செவ்வாக்கெழம நாளு நல்லால்ல. புதன்கெழம..." அவள் சொல்லிக்கொண்டே போனாள். வழக்கமாக அவள் சாக்கில் ஒரு அழகு இருக்கும், கேட்கிறவரை ஒரு முற்றத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்புவது போல. இது அப்படி இல்லை. கதவை இரண்டு கையாலும் உள்ளிருந்து தள்ளிப் பிடிக்கிற மாதிரி இருந்தது.

"மூணு திங்கக்கெழமயும் நீதான் ஆளக் கூப்பிட்ட. முத்துராஜ் சொன்னான்" என்றார். குற்றப்பத்திரிகையிலிருந்து மிஞ்சியது இந்த ஒரு வரிதான். அதுவும் குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கவில்லை.

அவள் ஒரு துண்டை எடுத்து முறுக்கினாள். தண்ணீர் சொட்டியது.

"போனா தெரிஞ்சிரும்லா" என்றாள்.

அடுத்த துண்டை அவர் தொட்டுப் பார்த்தார்.

"இப்பம் இது ஒரு கட்டி. சும்மா கட்டி. கொழுப்புக் கட்டியா இருக்கலாம், நீர்க் கட்டியா இருக்கலாம். அவன் ஊசியப் போட்டு எடுத்துட்டான்னா பொறவு அதுக்கு ஒரு பேரு வந்திரும். வட சுடும்போது நான் நல்லாத்தான் இருக்கேன். அந்தப் பிள்ள வெரலப் பிடிக்கும்போது நல்லாத்தான் இருக்கேன். வீட்டுல ஆளு இருந்தா மறந்திருது. ஆளு போயிட்டா வீடு சத்தமில்லாம ஆயிரும். அப்பம் கை தன்னால அங்கன போயிரும்."

"நாளைக்கு நான் கூட வாரேன்."

"ஒங்களுக்குத்தான் ஆடிட்டு."

"ஆடிட்டாவது மண்ணாவது. அது ஆனிலயே முடிஞ்சிட்டு." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரத்தம் எடுக்கதப் பாத்தாலே எனக்குத் தல சுத்தும். மகன் பொறந்தப்பவும் நான் வெளிய டீக்கடைலதான் நின்னேன். ஒனக்கு ஊசி போடுததப் பாக்கணுமேன்னுதான் தனியாப் போயிருன்னேன்."

அவள் இப்போது திரும்பி அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் பயப்படுவார் என்ற தகவல் அவளுக்குப் புதிது. பிறகு முறுக்கிய துண்டை அவர் தோளில் போட்டு, "கீழ போங்க, நனையுதிய" என்றாள்.

காலையில் முத்துராஜ் குடும்பம் போனது. போகும்போது ஒரு பொட்டலம் துத்தி இலை வாசலில் வைத்திருந்தார்கள். எப்போது போய்ப் பறித்தார்களோ.

இவர்களும் திருநெல்வேலி பஸ் ஏறினார்கள். பாவூர்சத்திரம் தாண்டியதும் பேச்சித்தாய், "கேஸ மூடினேனான்னு நெனப்பில்ல" என்றாள். மூடியதைத் தான் பார்த்ததாக அவர் சொன்னார். ஆலங்குளம் வரும்போது, "வயித்தக் கலக்குது" என்றாள்.

அலுவலகத்தில் இதே வார்த்தைக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்பது பலருக்கும் தெரியும். கடற்கரை எழுந்து, கண்டக்டரிடம் சொல்லி, இறங்கினார். இருவரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றார்கள். அவள் கழிப்பறைப் பக்கமே போகவில்லை. டீயை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் குடித்தாள். அவர் வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. திருநெல்வேலி பஸ் ஒன்று போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. மூன்றாவது வந்தபோது அவளாகவே டம்ளரை வைத்துவிட்டு, "ஏறுவோம்" என்றாள்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பெயர் பதிந்த நர்ஸ் நடுத்தர வயதுக்காரி. டாக்டர் சீட்டின் தேதியைப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாகப் பேச்சித்தாயைப் பார்த்தாள்.

"வைகாசில எழுதிக் குடுத்திருக்காங்க. இவ்வளவு நாளு என்னம்மா செஞ்சிய? படிச்சவங்க மாதிரி இருக்கிய. ஒடம்புல அக்கற வேண்டாமா?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் சாக்கு வழங்கியவள், தனக்கென்று ஒன்று இல்லாமல், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"தப்பு எம்மேலதாம்மா" என்றார் கடற்கரை. "ஆபீஸ்ல ஆடிட்டு. நான்தான் கூட்டிட்டு வரல. அவ தெனமும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா."

"எல்லாரும் இதத்தான் சொல்லுதிய" என்று நர்ஸ் அலுத்துக்கொண்டாள். ஆனால் அவள் கோபம் பேச்சித்தாயை விட்டு இறங்கி அவர்மேல் உட்கார்ந்துகொண்டது. அது அங்கே உட்காருவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

பெயர் கூப்பிட்டார்கள். பேச்சித்தாய் பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. கடற்கரை அந்த எழுத்துகளை நன்றியோடு படித்துக்கொண்டிருந்தபோது கதவு மறுபடி திறந்தது.

"பேச்சித்தாய் கூட வந்தது யாரு? அந்தம்மா ஒங்களக் கூப்பிடுதாங்க. பொதுவா விடுததில்ல. ரொம்ப நடுங்குதாங்க, அதனால டாக்டரு சரின்னுட்டாங்க. ஊசி போடும்போது நிக்க முடியுமா? முடியாட்டா இங்கனயே இருங்க. நெறையப் பேரு அப்படித்தான் இருப்பாங்க."

சரியாக அந்நேரம் சட்டைப் பையில் போன் அடித்தது. முத்துராஜ். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பதற்கு. அவசரமான போன்தான், ஊரிலிருந்து வருகிற போன்தான், எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, 'ஒரு நிமிசம்மா' என்று கையைக் காட்டி வராந்தாக் கடைசிவரை நடந்துவிடலாம். நர்ஸும் அதை எதிர்பார்ப்பவள் போலக் கதவை லேசாகச் சாத்தத் தொடங்கியிருந்தாள்.

கடற்கரை போனை அணைத்துப் பைக்குள் போட்டார். "வாரேன்" என்றார்.

உள்ளே குளிர் சாதனத்தின் சத்தம். பச்சைத் துணி போர்த்திப் பேச்சித்தாய் படுத்திருந்தாள். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த ஊசியைக் கடற்கரை பார்த்துவிட்டார். பார்த்திருக்கக் கூடாது. முகம் வெளுத்தது. ஒரு கையால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மறு கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"மொகத்த ஏன் இப்படி வச்சிருக்கிய?" என்றாள் பேச்சித்தாய், மெதுவாக. "ஊசி எனக்கா, ஒங்களுக்கா?"

"அசையக் கூடாது" என்றாள் நர்ஸ்.

இருவரும் அசையவில்லை.